குரல் பதிவுக்கு எந்த இன்டர்ஃபேஸ்? ஸ்கார்லெட், ஆடியன்ட், வோல்ட், ஆர்எம்ஈ ஒப்பீடு

எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மைக் எது? அதற்குப் பதில் தெரியாமல் ஸ்கார்லெட்டா ஆடியன்டா என்று எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசலாம், முடிவுக்கு வர முடியாது. மைக்கிலிருந்து வருவது மிக மெல்லிய சிக்னல். அதைப் பெருக்கி, எண்களாக மாற்றி, கணினிக்குள் அனுப்புவதும், பேசுபவரின் ஹெட்ஃபோனுக்குக் கொஞ்சம் திருப்பித் தருவதும்தான் இந்தப் பெட்டியின் வேலை. எவ்வளவு பெருக்க வேண்டும் என்பது மைக்கைப் பொறுத்தது.

ஷூர் எஸ்எம்7பி என்ற டைனமிக் மைக் (தனி மின்சாரம் வேண்டாத, மெல்லிய சிக்னல் தரும் வகை), யூடியூபில் பாதிப் பேர் முகத்துக்கு முன்னால் நிற்பது, 94 டெசிபல் ஒலிக்குத் தருவது 1.12 மில்லிவோல்ட். ரோடு என்டி1 ஐந்தாம் தலைமுறை கண்டென்சர் (மின்சாரம் கொடுத்தால்தான் இயங்கும், வலுவான சிக்னல் தரும் வகை) அதே ஒலிக்கு 25 மில்லிவோல்ட் தருகிறது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 27 டெசிபல் இடைவெளி, அவ்வளவையும் இன்டர்ஃபேஸின் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவுதான் ஈடுகட்ட வேண்டும். அதனால் என்டி1 வைத்திருப்பவருக்கு எந்தப் பெட்டியும் போதும், எஸ்எம்7பி வைத்திருப்பவர் மட்டும் விவரக்குறிப்பில் கெயின் என்ற வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2. 2023-இல் வந்த நான்காம் தலைமுறையைத்தான் சொல்கிறேன். மூன்றாம் தலைமுறையில் 56 டெசிபலாக இருந்த கெயின் இதில் 69 ஆகிவிட்டது, குரல் பதிவு செய்பவருக்கு இதுதான் பெரிய மாற்றம், பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் மற்ற எதுவும் இல்லை. முன்பெல்லாம் எஸ்எம்7பி வாங்கியவர் கூடவே கிளவுட்லிஃப்டர் மாதிரி ஒரு தனிப் பெருக்கியையும் வாங்க வேண்டியிருந்தது, இதில் அந்தச் செலவு மிச்சம். ஆட்டோ கெயின் பொத்தானை அழுத்திவிட்டுப் பத்து விநாடி பேசினால் அளவை அதுவே வைத்துக்கொள்ளும். கிளிப் சேஃப் என்பது திடீரென்று குரல் ஏறினால் கெயினைத் தானே இறக்கும் வசதி. நேரலைக்கும் இரண்டு பேர் பேசும் பாட்காஸ்டுக்கும் நல்லது, ஆனால் ஒலிப்புத்தகம் வாசிப்பவர் அதை அணைத்துவைப்பதே மேல், நடுவில் ஒரு அத்தியாயத்தில் அளவு மாறிவிட்டால் பிறகு எடிட்டிங்கில் உட்கார்ந்து ஒட்டுப்போட வேண்டும். ஏர் என்ற பொத்தான் மேல்ஸ்தாயியைத் தூக்கும். கிட்டாருக்கு அழகு. நம் சகரங்களும் ஸகரங்களும் ஏற்கெனவே மைக்கில் சீறும், அதை இன்னும் தூண்டிவிட வேண்டாம்.

இதன் தம்பி ஸ்கார்லெட் சோலோவை விலை பார்த்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பெயரும் நிறமும் ஒன்று, ஆனால் கெயின் 57 டெசிபல்தான், ஆட்டோ கெயினும் கிளிப் சேஃபும் கிடையாது.

ஆடியன்ட் ஐடி4 மார்க் 2 என்னுடைய தேர்வு, ஒரு நிபந்தனையோடு. ஒரே ஒரு மைக் உள்ளீடு, 58 டெசிபல் கெயின், உலோக உடம்பு, கையில் எடுத்தால் கனம் தெரியும் பெரிய குமிழ். ஆடியன்ட் ஸ்டுடியோ மிக்ஸிங் கன்சோல்கள் செய்யும் நிறுவனம், அவற்றில் இருக்கும் ப்ரீஆம்ப் (மைக் சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) வடிவமைப்பையே இந்தச் சின்னப் பெட்டியிலும் வைத்திருக்கிறது. முன்பக்கம் பெரியதும் சிறியதுமாக இரண்டு ஹெட்ஃபோன் துளைகள், அதனால் பக்கத்தில் உட்கார்ந்து உச்சரிப்பைத் திருத்துபவரும் மாற்றுக் கம்பி தேடாமல் கேட்கலாம். ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதில் 96 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, மற்றவை 192 வரை போகின்றன என்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். குரல் வேலை நடப்பது 44.1-இலும் 48-இலும்தான், 192 விளம்பரத்துக்கான எண். என் நிபந்தனை, கண்டென்சர் மைக் இருக்க வேண்டும், பேசுபவர் ஒருவராக இருக்க வேண்டும். எஸ்எம்7பி மாட்டினால் குமிழைக் கடைசிவரை திருப்பியும் இன்னும் கொஞ்சம் இருந்தால் தேவலையே என்று தோன்றும்.

யுனிவர்சல் ஆடியோவின் வோல்ட் வரிசை கொஞ்சம் வேறு மாதிரி. வோல்ட் 176, 276 இரண்டிலும் புகழ்பெற்ற 1176 கம்ப்ரஸரைப் பின்பற்றிய அனலாக் கம்ப்ரஸர் ஒன்று, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கருவி, உள்ளேயே இருக்கிறது, குரலுக்கு, கிட்டாருக்கு, வேகமானது என்று மூன்று நிலைகள். வின்டேஜ் பொத்தானை அழுத்தினால் பழைய 610 வால்வ் ப்ரீஆம்பின் கதகதப்பு கொஞ்சம் வரும். கேட்க நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கம்ப்ரஸர் சிக்னல் எண்ணாக மாறுவதற்கு முன்பே வேலை செய்துவிடுகிறது, அதாவது பதிவிலேயே கலந்துவிடும், பிறகு நினைத்தாலும் பிரித்தெடுக்க முடியாது, சாம்பாரில் போட்ட உப்பு மாதிரி. டப்பிங், ஒலிப்புத்தகம், விளம்பரக் குரல் எதற்கும் வாங்குபவர் பெரும்பாலும் பச்சைப் பதிவைத்தான் கேட்பார், அதனால் நீங்கள் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய பொத்தான் அணைந்தே கிடக்கும். எடிட்டிங் எதுவும் செய்யாமல் நேராக ஒளிபரப்பாகிற ஆளுக்கு மட்டும் இது சரியான பெட்டி. கெயின் 55 டெசிபல், நான்கில் மிகக் குறைவு.

ஆர்எம்ஈ பேபிஃபேஸ் ப்ரோ எஃப்எஸ்ஸின் விலை 2ஐ2-வைப் போல நான்கு மடங்குக்கு மேல். அந்தப் பணத்துக்கு நான்கு மடங்கு நல்ல குரல் கிடைக்குமா? கிடைக்காது. கண்ணைக் கட்டிவிட்டு ஒரே மைக்கில் இரண்டையும் கேட்கவைத்தால் பெரும்பாலானவர்களால் பிரித்துச் சொல்ல முடியாது என்றுதான் நினைக்கிறேன். காசு போவது வேறு இடத்தில். 76 டெசிபல் கெயின் வீச்சு, அதை எண்ணாகவே வைத்துக்கொள்ளலாம் என்பதால் அடுத்த மாதம் அதே கதாபாத்திரத்துக்குத் திரும்ப வந்தாலும் அதே அளவில் தொடரலாம். டோட்டல்மிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் பேசுபவர் காதுக்கு ஒரு கலவை, இயக்குநர் காதுக்கு வேறு கலவை, தொலைவிலிருந்து இணையவழிக் கேட்பவருக்கு மூன்றாவது கலவை என்று அனுப்பலாம். முதல் தடவை திறந்தால் தலை சுற்றும், பழகிய பிறகு வேறு பெட்டிக்குப் போக மனம் வராது. எல்லாவற்றையும்விட முக்கியம் டிரைவர், அதாவது பெட்டியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்: பழைய மாடல்களுக்கும் ஆண்டுக்கணக்கில் புதிய டிரைவர் வெளியிட்டுக்கொண்டிருக்கும் நிறுவனம் என்ற பெயர் ஆர்எம்ஈக்கு உண்டு. தினமும் இதில் சம்பாதிப்பவருக்கு, வாடிக்கையாளர் லைனில் இருக்கும்போது பெட்டி தொங்கிப் போகாமல் இருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. மற்றவர்களுக்கு இது ஆசை, அவ்வளவுதான்.

விட்டுப்போனவை: மோட்டு எம்2 திரையில் ஒலி அளவைப் பளிச்சென்று காட்டும், தனியாக உட்கார்ந்து பதிவு செய்பவருக்கு அது பெரிய உதவி, 60 டெசிபல் கெயின். எஸ்எஸ்எல் 2-இல் 62. ஜூமின் யுஏசி-232, மிக மெல்லியதையும் மிக உரத்ததையும் ஒன்றாகவே பிடிக்கும் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிவு செய்வதால் கெயின் குமிழே இல்லாதது, கிசுகிசுப்பிலிருந்து அலறல் வரை ஒரே டேக்கில் போகும் கேம் டப்பிங் ஆட்களுக்குப் பார்க்கத் தகுந்தது.

இரைச்சலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ப்ரீஆம்ப் இரைச்சல் மைனஸ் 127 டெசிபலா மைனஸ் 130-ஆ என்று சண்டை போடுபவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சாண் தூரத்தில் சாதாரணமாகப் பேசினால் மைக்குக்குப் போவது ஏறக்குறைய 84 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். எஸ்எம்7பி-யில்கூட ப்ரீஆம்பின் இரைச்சல் அந்தக் குரலுக்குச் சுமார் 60 டெசிபல் கீழேதான் இருக்கும். ஆனால் மின்விசிறியை அணைத்த, அமைதியான ஒரு அறையின் சத்தமே 30 டெசிபல், அதாவது குரலுக்கு 54 டெசிபல் கீழே, ப்ரீஆம்பைவிட மேலே. விசிறி ஓடினால், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தால் கேட்கவே வேண்டாம். ஒலிப்புத்தகங்களுக்கு ஏசிஎக்ஸ் தளம் வைத்திருக்கும் அளவுகோல், குரலின் சராசரி மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் நடுவே, இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே. இதில் தோற்றுப்போகிறவர் தோற்பது அறையால்தான், மேலே சொன்ன எந்தப் பெட்டியாலும் இல்லை. 2ஐ2-வுக்கும் பேபிஃபேஸுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் சுவர்ப் பஞ்சுப் பலகைகளும் கனமான திரைச்சீலையும் வாங்கிவிட்டு மிச்சமும் வரும்.

அப்புறம் அந்த உம்ம்ம் சத்தம். இன்டர்ஃபேஸ் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பேசிப் பாருங்கள், பல வீடுகளில் அதோடு நின்றுவிடும். மலிவான யுஎஸ்பி ஹப் வழியாக மாட்டாதீர்கள், கண்டென்சர் மைக்குக்குப் போகும் 48 வோல்ட் ஃபான்டம் பவரும் அந்த ஒரு கம்பி வழியாக வரும் மின்சாரத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. 2ஐ2 நான்காம் தலைமுறையில் பின்பக்கம் கூடுதலாக ஒரு யுஎஸ்பி-சி துளை இருப்பதே, கணினி போதுமான மின்சாரம் தராவிட்டால் வெளியிலிருந்து கொடுக்கத்தான்.

பழையது வாங்குவதானால் ஒரு கண்டென்சர் மைக்கைக் கையோடு கொண்டுபோய் ஃபான்டம் பவரைப் போட்டுப் பேசிப் பாருங்கள், கெயின் குமிழை மெதுவாக முழுச் சுற்றும் திருப்பி ஹெட்ஃபோனில் கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள், உங்கள் கணினியில் இருக்கும் இயங்குதளத்துக்கு டிரைவர் கிடைக்கிறதா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே வீட்டிலிருந்து பார்த்துவிடுங்கள்.