தனுஷ்கோடிக் காற்றில் முந்தானை: பிளெண்டர் துணி சிமுலேஷன் எவ்வளவு தாங்கும்?

தனுஷ்கோடியின் முனையான அரிச்சல்முனையில் நிற்கும் பெண்ணின் சேலை கச்சான் காற்றில் அடிப்பதை அனிமேஷனில் காட்ட வேண்டுமென்றால், காசில்லாமல் கிடைக்கும் கருவிகளில் முதலில் கைக்கு வருவது பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் கிளாத் மாடிஃபையர், அதாவது துணியின் அசைவைக் கணக்கிடும் வசதி. கைலி, சட்டை, துப்பட்டாவுக்கு இது தாராளம். ஆறு கெஜம் சேலையைத் தானே கொசுவம் வைத்துக் கட்டிவிடும் என்று நம்பி உட்கார்ந்தால் மட்டும் ராத்திரி முழுக்கப் போய்விடும்.

முதல் குழப்பம் எடையில். 'வெர்டெக்ஸ் மாஸ்' என்பது துணியின் மொத்த எடை அல்ல, துணியின் கட்டங்கள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளிக்குமான எடை. ஐந்தரை மீட்டர் நீளம், 1.15 மீட்டர் அகலச் சேலையை 2 செ.மீ. கட்டங்களாகப் பிரித்தால் சுமார் 16,000 புள்ளிகள் வரும். காட்டன் பிரிசெட்டின் (தயாராக வரும் அமைப்பு) 0.3 கிலோவை அப்படியே விட்டால் சேலையின் கனம் 4,800 கிலோ! அரை கிலோ சேலைக்கு இந்த கதி. புவியீர்ப்பில் விழும்போது வித்தியாசம் தெரியாது. காற்றடிக்கும்போதுதான் துணி அசையாமல் நிற்கும். தோளில் தொங்குகிற இடம் ரப்பர் மாதிரி இழுபடும். கட்டங்களைக் கூட்டினால் மாஸைக் குறையுங்கள், டென்ஷனை (இழுபடாமல் தடுக்கும் விறைப்பு) 15-லிருந்து ஏற்றுங்கள். சில்க் பிரிசெட்டில் பெண்டிங் (மடியாமல் தடுக்கும் விறைப்பு) 0.05, காட்டனில் 0.5. காற்றில் படபடக்கும் முந்தானைக்கு சில்க்கிலிருந்து தொடங்குவதே நல்லது, நெசவு எதுவானாலும்.

அடுத்தது இடைவெளி. உடம்பின் கொலிஷனில் (துணி மோதி நிற்கவைக்கும் அமைப்பு) வெளித் தடிமன் 0.02 மீட்டர், துணியின் கொலிஷன் தூரம் 0.015 மீட்டர். இரண்டும் சேர்ந்து மூன்றரை செ.மீ. ஆகிவிடுவதால் சட்டை உடம்பை விட்டு மிதக்கும். இரண்டையும் 0.003 அளவுக்கு இறக்கி, ஒரு ஃபிரேமுக்கு எத்தனை முறை கணக்கிடுவது என்ற குவாலிட்டி ஸ்டெப்ஸை 5-லிருந்து 12-க்குக் கொண்டுபோங்கள். இறக்கிவிட்டு ஸ்டெப்ஸை ஏற்றாமல் விட்டால், வேகமாக வீசும் கை துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் உடம்பே உடம்புக்குள் புகுந்திருந்தால் நடுவில் மாட்டிய துணிக்குப் போக வழியில்லாமல் துடிக்கும். அதற்கு எந்த எண்ணும் மருந்தில்லை, போஸைத்தான் திருத்த வேண்டும்.

மாடிஃபையர் வரிசையும் முக்கியம். உடம்பில் ஆர்மேச்சருக்கு (உடம்பை அசைக்கும் எலும்புக்கூடு) கீழே கொலிஷன்; துணியில் ஆர்மேச்சர், அதன் கீழ் கிளாத், கடைசியில் கட்டங்களை நுணுக்கி வழவழப்பாக்கும் சப்டிவிஷன். பாத்திரம் முதல் ஃபிரேமிலேயே ஓடத் தொடங்கினால் துணி பின்தங்கிக் கழன்றுவிடும். கை விரித்த நிலையிலிருந்து முதல் போஸுக்கு வர 40 ஃபிரேமாவது கொடுங்கள்.

காற்றில் ஒரு பொறி இருக்கிறது. பிளெண்டரில் காற்றை உண்டாக்கும் விண்ட் ஃபீல்டு உடம்பை ஊடுருவிப் போகும். முதுகில் மோதும் காற்று முன்பக்கத் துணியையும் தூக்கும். ஃபீல்டில் 'அப்சார்ப்ஷன்' டிக் செய்து, உடம்பின் கொலிஷனிலும் ஃபீல்டு அப்சார்ப்ஷனை ஏற்றினால்தான் மறைவுப் பக்கம் அடங்கும். ஒரே பலத்தில் வீசும் காற்று மின்விசிறிக் காற்றாகத்தான் தெரியும். கடற்கரைக் காற்றுக்குப் பலத்தைக் கீஃபிரேம் வைத்து ஏற்றி இறக்கி, மேலே கொஞ்சம் டர்புலன்ஸ் (ஒழுங்கற்ற சுழல்) சேருங்கள்.

சேலைக்கு நடைமுறை வழி ஒன்றுதான். கொசுவத்தைக் கையால் மாடல் செய்து, இடுப்பையும் தோளையும் 'பின் குரூப்'பில் (ஊசி குத்தியதுபோல் அசையாமல் பிடிக்கும் புள்ளிகள்) 1 என்று கட்டி, முந்தானையையும் கொசுவத்தின் கீழ்ப்பாதியையும் மட்டும் சிமுலேஷனுக்கு விடுவது. 1-லிருந்து 0-க்கு ஒரு சாண் தூரத்தில் மெல்ல இறக்குங்கள். சட்டென்று வெட்டினால் அந்த இடத்தில் கோடு போட்டதுபோல் மடியும். கொசுவ மடிப்புகளுக்கிடையே செல்ஃப் கொலிஷன் (துணி தன்மேலேயே மோதுவது) தூரத்தைவிட அதிக இடம் விடாவிட்டால் முதல் ஃபிரேமிலேயே வெடித்துச் சிதறும்.

சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் பெண்களைப்போல் சேலைமேல் சட்டை போட்ட உருவம் என்றால், உள்ளே இருக்கும் சேலையை முதலில் பேக் செய்து (அசைவைக் கணக்கிட்டுச் சேமித்து), அதற்குக் கொலிஷன் சேர்த்து, பிறகு சட்டை. அக்னி தீர்த்தத்தில் முழுகி எழும் ஈரத்துணிக்கு இதில் வசதியே கிடையாது. மாஸையும் கிளாத் ஃபிரிக்‌ஷனையும் (உராய்வு) ஏற்றி ஒப்பேற்றலாம், ஒட்டியது மாதிரி இருக்கும், ஒட்டாது.

தையல் வெட்டுப்படியே ஆடை செய்ய மார்வலஸ் டிசைனர் என்ற மென்பொருளே மேல். ஆனால் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். பிளெண்டரில் துணிக் கணக்கு சிபியூவில்தான் ஓடுகிறது, கிராபிக்ஸ் கார்டுக்குக் கொட்டும் பணம் ரெண்டருக்கு மட்டுமே உதவும். கணக்கிட்ட அசைவைச் சேமிக்கும் கேஷ் இயல்பில் 250 ஃபிரேமோடு நின்றுவிடும்; அனிமேஷன் நீளமென்றால் பேக் செய்யும் முன்பே அந்த எண்ணை மாற்றிவிடுங்கள்.