ஆசிரியருக்குப் பயிற்சியா, மாணவருக்கு வகுப்பா, தனி ஆளா? பள்ளி மனநலத் திட்டத்துக்கு எது கைகொடுக்கும்

பள்ளியில் மனநலத் திட்டம் என்றதும் பெரும்பாலான நிர்வாகங்கள் எடுக்கும் முதல் முடிவு, ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி. ஏற்பாடு செய்வது எளிது. மாலைக்குள் எல்லோர் கையிலும் சான்றிதழ் இருக்கும். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே பணத்துக்கும் நேரத்துக்கும் வேறு என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

ஆசிரியர் பயிற்சிகளில் இரண்டு பெயர்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று கியூபிஆர் (QPR). தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்பது, உதவி பெறச் சம்மதிக்க வைப்பது, உரிய இடத்துக்கு அனுப்புவது ஆகிய மூன்றை மட்டும் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கும். மற்றொன்று 2000-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மனநல முதலுதவி. இதில் வளரிளம் பருவத்தினருடன் பழகும் பெரியவர்களுக்கென்று தனிப் பாடத்திட்டம் உண்டு. குறைந்தது ஒரு முழு நாளாவது ஒதுக்க வேண்டும். மனச்சோர்வு, பதற்றம், போதைப்பழக்கம், உணவுக் கோளாறு என்று பரப்பு பெரிது.

நேரம் குறைவு, பயம் தற்கொலை பற்றியது என்றால் கியூபிஆர் போதும். வகுப்பாசிரியர்கள் அன்றாடம் பார்க்கும் அழுகை, விடுப்பு, கோபம் இவற்றைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் மனநல முதலுதவி மேல். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகின்றன. ஆசிரியரின் அறிவும் தன்னம்பிக்கையும் கூடுவது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிகிறது. மாணவரின் நிலை மாறுவது அப்படித் தெரிவதில்லை. 32 பள்ளிகளில் கியூபிஆரைச் சோதித்து 2008-இல் வெளியான ஆய்வில், பயிற்சிக்குப் பின் மாணவர்களிடம் தற்கொலை பற்றிக் கூடுதலாகக் கேட்டவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே மாணவர்களோடு மனம்விட்டுப் பேசிப் பழகியவர்களே. பேசாதவர் பயிற்சிக்குப் பின்னும் பேசவில்லை. ஆகவே எல்லா ஆசிரியரையும் உட்கார வைப்பதைவிட, மாணவர்கள் தாமாகவே தேடிப்போகும் பத்துப் பேரைத் தேர்ந்து ஆழமாகப் பயிற்றுவிப்பது புத்திசாலித்தனம். அந்தப் பத்துப் பேரில் விளையாட்டு ஆசிரியரும் நூலகரும் பெரும்பாலும் இருப்பார்கள்.

மாணவருக்கே வகுப்பு எடுத்தால்? இங்கே வலுவான சான்று ஒய்ஏஎம் (Youth Aware of Mental Health) என்ற வகுப்பறைத் திட்டத்துக்கு இருக்கிறது. 10 ஐரோப்பிய நாடுகளில் 168 பள்ளிகள், 11,110 மாணவர்கள் பங்கேற்ற ஆய்வு 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கியூபிஆர், கேள்வித்தாள் வைத்து ஆபத்தில் இருப்பவரைக் கண்டறிவது, ஒய்ஏஎம் மூன்றும் ஒரே ஆய்வில் மோதின. 12 மாத முடிவில் ஒய்ஏஎம் பிரிவில் புதிதாகத் தற்கொலைக்கு முயன்றவர்கள் 0.70 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 1.51 சதவீதம். மற்ற இரண்டும் ஒப்பீட்டுக் குழுவிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு வேறுபடவில்லை. கவனிக்க வேண்டியது: மூன்றாம் மாதத்தில் ஒய்ஏஎம்மிலும் வித்தியாசம் இல்லை. காலாண்டு அறிக்கையில் பலன் எதிர்பார்க்கும் நிர்வாகம் நல்ல திட்டத்தையே பாதியில் நிறுத்திவிடும். திட்டத்தை உருவாக்கியவர்களே ஆய்வையும் நடத்தினார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒய்ஏஎம்மின் உள்ளடக்கம் எளியது: சில வாரங்களில் ஐந்து மணி நேரம், அதில் மூன்று மணி நேரம் நடித்துப் பார்ப்பது, ஒரு சிறு கையேடு, வகுப்பில் ஆறு சுவரொட்டிகள். நடத்துபவர் அந்த வகுப்பின் ஆசிரியர் அல்லர், வெளியிலிருந்து வரும் பயிற்சி பெற்றவர். செலவு அங்கேதான். அதை மிச்சப்படுத்த ஆசிரியரையே நடத்தச் சொன்னால், மதிப்பெண் போடுகிறவர் முன் பல மாணவர்கள் மனம் திறக்கமாட்டார்கள்.

மாணவருக்கு எடுக்கும் எல்லா வகுப்பும் பலன் தரும் என்றும் இல்லை. பிரிட்டனில் 85 பள்ளிகள் பங்கேற்ற ஆய்வில், ஆசிரியர்களே நடத்திய மனக்குவிப்பு (மைண்ட்ஃபுல்னஸ்) வகுப்புகள் வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் தரவில்லை என்று 2022-இல் முடிவு வந்தது.

யார் நடத்துகிறார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதை பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்த சேஹர் ஆய்வு காட்டியது. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும், சில பள்ளிகளில் பட்டம் பெற்ற மனநலத் தொழில்முறையாளர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் நடத்தினர். 2018-இல் வந்த முடிவில் ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வும் கேலியும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் எதுவும் அசையவில்லை. ஆசிரியர் சோம்பேறி என்று பொருளல்ல. பாடம், தேர்வு, விடைத்தாள் எல்லாம் முடிந்த பின் மிச்சமாகும் நேரத்தில் இது நடக்காது.

ஆலோசகர் என்ற அந்தத் தனி ஆள் ஒருவர் போதுமா? பல அடுக்குத் திட்டங்களில் வழக்கமாகச் சொல்லும் விகிதம் 80, 15, 5: நூற்றில் 80 பேருக்குப் பொது வகுப்பே போதும், 15 பேருக்குக் குழு உதவி, 5 பேருக்குத் தனிக் கவனம். இதை 600 மாணவர் பள்ளிக்குப் போட்டுப் பாருங்கள். 30 பேருக்குத் தனிக் கவனம், 90 பேருக்குக் குழு உதவி. தனியாக வாரம் அரைமணி என்றால் 15 மணி. எட்டுப் பேர் குழுவாக வாரம் ஒருமணி என்றால் இன்னும் 12 மணி. பெற்றோர் சந்திப்பும் பதிவேடும் சேர்வதற்கு முன்பே 27 மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் வரும் ஆலோசகரை வைத்துக்கொண்டு நாற்பது ஆசிரியருக்குக் ‘கண்டுபிடி, அனுப்பு’ என்று பயிற்சி கொடுத்தால், விளைவு ஆலோசகர் அறை வாசலில் நீளும் வரிசை. இரண்டு மூன்று முறை பதில் வராத ஆசிரியர் அனுப்புவதையே நிறுத்திவிடுவார்.

இலவசமாகக் கிடைப்பவை தனி வகை. உலக சுகாதார நிறுவனத்தின் கிழக்கு மத்தியதரைக்கடல் அலுவலகம் வெளியிட்ட கல்வியாளர் கையேடு, அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக மையம் பங்களித்த கிளாஸ்ரூம் வைஸ் இணையப் பாடம் இரண்டும் தரமானவை. தனியாகப் படித்து முடித்தால் மறந்துபோகும். வாரம் ஒரு பகுதியைப் படித்து, மூவர் மூவராக ஒருவர் மாணவர், ஒருவர் ஆசிரியர், ஒருவர் பார்வையாளர் என்று பத்து நிமிடம் நடித்துப் பார்த்தால், கட்டணப் பயிற்சிக்கு அதிகம் குறையாது.

எதை வாங்கினாலும் முதலில், மாணவரை உதவிக்கு அனுப்புவதற்கான ஒரு பக்கப் பரிந்துரைத்தாள் தயாராக இருக்க வேண்டும்: யாரிடம் சொல்வது, அவர் இல்லாத நாளில் யார், கேட்டதையும் பார்த்ததையும் அப்படியே எழுத இடம் (நோயின் பெயரை அல்ல), எத்தனை நாளில் பதில். தற்கொலை எண்ணம் என்றால் அன்றே, மாணவரைத் தனியாக விடாமல். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்ற வாக்குறுதியும் கூடாது. பயிற்சி நிறுவனத்திடம் கேட்க வேண்டியது, மூன்று மாதம் கழித்து எத்தனை மணி நேரம் திரும்ப வந்து உண்மையான பரிந்துரைகளை எங்களோடு அலசுவீர்கள் என்பது. வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்துவிடுகிறோம் என்று மட்டும் பதில் வந்தால், இலவசக் கையேட்டை எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் ஆலோசகருக்கு இன்னொரு நாள் சம்பளம் கொடுக்கலாம்.