‘க்வேரா’வில் தொடங்கி ‘ஃப்ளாக்கா’வில் நின்ற ஒரு மதியச் சாப்பாட்டுக் கடை

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்துக்கு வேலைக்கு வரும் நம் ஆட்கள் என்னிடம் முதலில் கேட்பது, மதியம் எங்கே சாப்பிடுவது என்றுதான். மூன்று வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். சாந்தா தேரே பகுதியில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு ஃபோந்தா, அதாவது சின்னச் சாப்பாட்டுக் கடை. ஆறு மேசை, நீலப் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, வாசலில் அன்றைய சாப்பாட்டை எழுதி வைத்த அட்டை. அவ்வளவுதான் கடை.

நம்மூர் மெஸ் போல இங்கே ‘கொமிதா கொர்ரிதா’. முதலில் தக்காளியில் வெந்த சேமியா சூப், பிறகு சிவப்புச் சாதம், அப்புறம் அன்றைய பதார்த்தம் ஒன்று, பக்கத்தில் பீன்ஸ். துணியில் சுற்றிய சூடான தோர்த்தியா ரொட்டியும், ஹமைக்கா பூவை ஊறவைத்த புளிப்புத் தண்ணீரும் கேட்கக் கேட்க வரும். 95 பெசோ. வியாழக்கிழமை போனால் சீலே ரெயேனோ கிடைக்கும். கடைக்கார அம்மா பெரிய பச்சை மிளகாய்களை நெருப்பில் நேராகப் போட்டுத் தோல் கருகச் சுட்டு, பையில் கட்டிப் புழுங்க வைத்து, விரலாலேயே உரிப்பார். தண்ணீரில் காட்ட மாட்டார், சுட்ட வாசனை போய்விடுமாம். உள்ளே சீஸ் வைத்து, நுரைக்க அடித்த முட்டையில் தோய்த்துப் பொரித்து, தக்காளிச் சாற்றில் மிதக்க விடுவார். இதற்காகவே அலுவலகத்தில் வியாழன் மதியக் கூட்டங்களைத் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

ஆனால் இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சாப்பாடு மட்டும் இல்லை. அந்த அம்மா ஆட்களைக் கூப்பிடும் விதம்.

முதல் நாள் உள்ளே நுழைந்ததும், ‘என்ன வேணும், க்வேரித்தா?’ என்றார். ‘இத்தா’ என்பது செல்ல விகுதி. க்வேரா என்றால் வெளுத்த நிறத்துக்காரி என்று அகராதியில் படித்திருந்தேன். நான் நல்ல கறுப்பு. கேலி செய்கிறார் என்று நினைத்து முகம் சுண்டிப்போய்ச் சாப்பிட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், சந்தையில் தக்காளி விற்பவரும் வெள்ளரி விற்பவரும் வருகிற போகிற எல்லோரையும் க்வேரா, க்வேரோ என்றுதான் அழைக்கிறார்கள். ‘வாங்கம்மா’ போன்ற விற்பனைச் சொல் அது. ஆனால் ஏன் வெளுப்பைச் சொல்லி அழைத்தால் வாடிக்கையாளர் மகிழ்வார் என்று கேட்டால், அதற்குப் பின்னால் ஒரு நாட்டின் கதை இருக்கிறது. மெக்சிகோவின் புள்ளிவிவர நிறுவனம் 2017ல் வெளியிட்ட ஆய்வில், 11 நிறங்கள் கொண்ட அட்டையைக் காட்டி, உங்கள் நிறம் எது என்று மக்களையே சொல்லச் சொன்னார்கள். வெளுத்த நிறத்தைச் சொன்னவர்களிடம் படிப்பும் நல்ல வேலையும் கூடுதலாக இருந்தன. எனவே க்வேரா வெறும் செல்லம் இல்லை. அதில் ஒரு ஏக்கமும் கலந்திருக்கிறது.

இரண்டு மாதத்தில் நான் ‘மொரேனா’ ஆனேன், மாநிறக்காரி. அதன் பிறகு ‘ஃப்ளாக்கா’, ஒல்லி. என் உடம்பு மாறவில்லை. வாடிக்கையாளர் என்ற நிலை மாறி, அந்த வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். பரிமாறும் பெண்ணைச் ‘சீனா’ என்பார்கள், சுருட்டை முடிக்காக. இதே சொல் பெருவில் கண்ணைக் குறிக்கும். ஜப்பானிய வம்சாவளியினரான ஃபுஜிமோரியை அங்கே ‘எல் சீனோ’ என்றார்கள். அவரும் அதை ஏற்றுக்கொண்டு 1990 அதிபர் தேர்தலில் வென்றார்.

சென்ற வருடம் சென்னையிலிருந்து வந்த நண்பரை அழைத்துப் போனேன். ‘இன்னும் கொஞ்சம் சாதம், கோர்தித்தோ?’ என்று அந்த அம்மா அன்பாகத்தான் கேட்டார். குண்டுப் பையா என்ற அர்த்தம் நண்பருக்குப் புரிந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தார், பிறகு எடுக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு சொல்லால் அவர் பட்டது எனக்குத் தெரியும். நான் விளக்கலாமா என்று யோசிப்பதற்குள் அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டார். மறுநாள் போனபோது ‘ஹோவென்’, அதாவது தம்பி. அதற்குப் பிறகு அவரிடம் அந்தப் பழைய சொல் வரவே இல்லை. இத்தனைக்கும் பக்கத்து மேசை மெக்கானிக்கை இன்றும் கோர்தோ என்றுதான் அழைக்கிறார், அவரும் இவரை கோர்தா என்கிறார். எத்தனையோ பெரிய ஹோட்டல்களில் சாப்பிட்டிருக்கிறேன், முகம் பார்த்துச் சொல்லை மாற்றிக்கொள்ளும் இந்தக் கவனத்தை எங்கும் பார்த்ததில்லை.

கடையில் கால்பந்து ஓடும்போது கவானி பேச்சு வந்துவிடும். 2020 நவம்பரில், வாழ்த்துச் சொன்ன நண்பருக்கு இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு ஆடிய உருகுவேக்காரரான கவானி ‘கிராசியாஸ் நேக்ரித்தோ’ (நன்றி, கறுப்பா என்று செல்லமாக) என்று இன்ஸ்டாகிராமில் நன்றி எழுதினார். இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 3 ஆட்டத் தடையும் 1 லட்சம் பவுண்டு அபராதமும் போட்டது. உருகுவேயின் மொழிக் கழகமே எதிர்த்து அறிக்கை விட்டது. கவானிக்கு நடந்தது அநியாயம் என்பதுதான் மெக்கானிக்கின் கட்சி, என் கட்சியும் அதுவே. ஆனால் 2011ல் மைதானத்துச் சண்டைக்கு நடுவே கறுப்பின ஆட்டக்காரரான எவ்ராவிடம் இன்னொரு உருகுவேக்காரரான சுவாரெஸ் ‘நேக்ரோ’ என்றதற்கு 8 ஆட்டத் தடை வந்ததே, அதில் நான் மெக்கானிக்கோடு ஒத்துப்போகவில்லை. ‘எங்கள் ஊரில் இது சாதாரணச் சொல்’ என்பது சண்டையில் நிற்பவருக்குப் பதிலாகாது.

எனக்கே ஒன்று நடந்தது. வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில், உரிமையாளர் என் எதிரிலேயே போனில் ‘ஒரு ப்ரியேத்தித்தா வந்திருக்கு’ என்றார். கறுப்புச் சிறுக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் வாலில் செல்லம் ஒட்டியிருந்தது, குரலில் இல்லை. மறுநாள் வீடு போய்விட்டது என்றார்கள். ஃபோந்தாவில் வந்து சொன்னேன். அந்த அம்மா அகப்பையைப் பானை மேல் குறுக்காக வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். ‘என் அம்மா சாகும்வரை என்னை மி ப்ரியேத்தா என்றுதான் கூப்பிட்டாள். மி என்று சொல்ல அந்த ஆளுக்கு என்ன பாத்தியதை இருக்கிறது, மிஹா?’ என்றார். மி என்றால் என்னுடைய, மிஹா என்றால் என் மகளே. என் ஆச்சி என்னை ‘என் கருவாச்சி’ என்றுதான் மடியில் வைத்துக்கொள்வார். அன்றைக்கு அந்த மேசையில் இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம்.

குறைகளும் உண்டு. கார்டு வாங்க மாட்டார்கள், ரொக்கம்தான். இரண்டரைக்கு மேல் இடம் கிடைப்பது கஷ்டம். கூட்டம் அதிகமானால் தோர்த்தியா ஆறிப்போய் வரும். சிவப்புச் சட்னியில் ஆர்போல் மிளகாய், ஆந்திராக் காரம் தாங்குபவர்களும் அரைக் கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஞாயிறு விடுமுறை.

வியாழக்கிழமை ஒன்றரைக்கே போய்விடுங்கள். என் பெயரைச் சொன்னால் அவருக்குத் தெரியாது, ஃப்ளாக்கா அனுப்பினாள் என்று சொல்லுங்கள். உடம்பைச் சொல்லி அழைப்பது உங்களுக்குப் பிடிக்காது என்றால் அதையும் சொல்லிவிடலாம், அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.