கேரள எல்லையில் போலீஸ் சேவை: தமிழ் பேசுகிறவர்கள் ஸ்டேஷன் படி ஏறும் முன்

கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வாளையாறு, குமுளி, வண்டிப்பெரியாறு, மறையூர். இந்த ஸ்டேஷன்களில் புகார் சொல்ல வருகிறவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். பேச்சில் தடை எதுவும் இல்லை. எல்லைப்பக்கப் போலீஸ்காரர் பெரும்பாலோருக்குத் தமிழ் நன்றாகவே புரியும். ஆனால் பேச்சு தமிழில் நடந்தாலும் எழுத்து மலையாளத்தில்தான் விழுகிறது. இந்தச் சேவையில் மிகப் பெரிய ஓட்டை அங்கேதான். ஊரோடு போலீஸ் பழகுவதற்கான ஜனமைத்ரி நல்ல திட்டம், கேரள போலீஸின் செயலி பரவாயில்லை, அவசர எண் 112 எல்லையில் தடுமாறும். எழுதி வாங்கும் அந்த அரை மணி நேரத்தில் ஏமாந்தால் மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை.

முதலில் ஜனமைத்ரி. நீதிபதி கே.டி. தாமஸ் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, 2008 மார்ச்சில் 20 ஸ்டேஷன்களில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய திட்டம் இது. ஸ்டேஷன் எல்லையைச் சுமார் 500 வீடுகள் கொண்ட பீட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பீட் ஆபீசரை வைப்பார்கள். வீட்டுக்கு ஒருவரையாவது அவருக்குப் பெயர் சொல்லித் தெரிந்திருக்க வேண்டும் என்பது திட்டத்தின் உயிர்நாடி. எல்லை நாட்டில் இதன் அருமை அமைதியான நாளில் தெரியாது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது குமுளி வழி அடைபட்டது. உடும்பஞ்சோலைப் பக்க ஏலத்தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் மலையிறங்கித் தேனிப் பக்கம் ஓடின. அப்படி ஒரு நாளில் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வந்து ‘நான் இருக்கேன், யாரும் கிளம்ப வேண்டாம்’ என்று சொல்ல, அதற்கு முன் பத்துத் தடவையாவது அந்த வாசலில் நின்று டீ குடித்த போலீஸ்காரர் வேண்டும். லாரி நிறைய ஆயுதப் படை வந்து இறங்கினாலும் அந்த நம்பிக்கை வராது.

குறை என்னவென்றால் ஆள் நிலைப்பதில்லை. சபரிமலை சீசன், தேர்தல், பந்தோபஸ்து என்று எது வந்தாலும் முதலில் இழுக்கப்படுகிறவர் பீட் ஆபீசர்தான். சமவெளி ஊரில் 500 வீட்டை ஒரு வாரத்தில் சுற்றிவிடலாம். எஸ்டேட்டில் ஒரு டிவிஷன் லயத்திலிருந்து அடுத்த டிவிஷன் லயத்துக்கு ஜீப் இல்லாமல் போக முடியாது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோப்புக்குள் சிதறிக் கிடக்கும் வீடுகளும் அப்படித்தான். உங்கள் பீட் ஆபீசர் யாரென்று தெரியாவிட்டால் ஸ்டேஷனில் கேளுங்கள். பெயரும் நம்பரும் தந்தாக வேண்டிய தகவல். இன்ஸ்பெக்டரின் அலுவலக நம்பர் 9497 என்று தொடங்கும். அது ஆளுக்கு உரியதல்ல, பதவிக்கு உரியது. மாற்றல் ஆகிப் போனாலும் நம்பர் மாறாது. ஒரு தடவை குறித்து வைத்தால் வருடக்கணக்கில் உதவும்.

ஜனமைத்ரி சமிதி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேரள போலீஸ் சட்டம் 2011, 64-ஆம் பிரிவு, ஊர்க்காரர்களைக் கொண்ட இப்படியொரு குழுவுக்கு இடம் தருகிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அதில் இடம் வேண்டும் என்பது வழிகாட்டுதல். நடைமுறையில் யாரைக் கூப்பிடுகிறார்கள்? வியாபாரி சங்கத்துக்காரர், பள்ளித் தலைமையாசிரியர், தோட்டப் பக்கம் என்றால் யூனியன் தலைவர். ஊர் இரண்டாகப் பிளந்து கிடக்கும்போது இது நேரடியாகக் கடிக்கும். 2017-ல் முதலமடைப் பஞ்சாயத்தின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் சக்கிலியர் குடும்பங்கள் தீண்டாமைப் புகார் எழுப்பியது கேரளம் முழுக்கப் பேசப்பட்டது. அப்படியொரு ஊரில் டீக்கடைக்காரரும் தோப்புக்காரரும் நிறைந்த குழுவை வைத்து ‘சமாதானம் பேசி முடித்தோம்’ என்றால், அந்தச் சமாதானம் யாருடையது? காலனியிலிருந்து குறைந்தது இரண்டு பேர், அதில் ஒரு பெண், சமிதியில் இருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மாவட்ட போலீஸ் தலைவருக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள். இந்தத் திருத்தத்துக்குப் பணச் செலவு ஏதும் கிடையாது. கேட்க ஆள் வேண்டும், அவ்வளவே.

இனி எழுத்து. மலையாளமும் தமிழும் அக்காள் தங்கை என்பதால்தான் இங்கே ஆபத்து அதிகம். முழுக்க அந்நிய மொழி என்றால் மனிதர் உஷாராக இருப்பார். இது பாதி புரிந்ததுபோல் தோன்றிப் பள்ளத்தில் தள்ளும். ரைட்டர் (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர்) ‘மொழி எடுக்கணும்’ என்றால் உங்கள் வாக்குமூலத்தை எழுத வேண்டும் என்று பொருள். ‘பிரதி’ என்றால் அங்கே குற்றம் சாட்டப்பட்டவர். ஆகவே எஃப்ஐஆர் (முதல் தகவல் அறிக்கை) பிரதி வேண்டும் என்று கேட்டுக் குழப்பிக்கொள்ளாமல் ‘காப்பி’ என்று கேளுங்கள். ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு. எல்லாவற்றையும்விட முக்கியமானது ‘ஒத்துதீர்ப்பு’. கடைசியில் தீர்ப்பு என்ற சொல் இருப்பதால் நமக்குச் சாதகமாக ஏதோ முடிவானதுபோல் காதில் விழும். அது வெறும் சமரசம். மனுவின் அடியில் ‘தீர்ப்பாக்கி’ என்று எழுதினால் மனு முடித்துவைக்கப்பட்டது என்று அர்த்தம். ‘பராதியில்லா’ என்ற சொல் இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டால், எனக்குப் புகாரே இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அடி வாங்கியவர் இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேஸ் நடக்கிறது என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் இந்தப் பக்கத்தில் நெஞ்சைப் பிசையும் விஷயம்.

ஆகவே முதல் கேள்வி: இது மனுவா, எஃப்ஐஆரா? மனு என்றால் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிடலாம். போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்றால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2013 லலிதா குமாரி தீர்ப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் இதில் ஒரு விலக்கு தந்திருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் கீழ் தண்டனை உள்ள குற்றங்களில், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். ‘விசாரிச்சிட்டுச் சொல்றோம்’ என்றால் எந்தத் தேதியில் 14 நாள் முடிகிறது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புகாரைத் தமிழில் எழுதலாமா? எழுதலாம், எழுதவும் வேண்டும். குறை தீர்க்க மனுக் கொடுப்பவர் ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சட்டம் 350-ஆம் பிரிவு. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களோடு தமிழில் கடிதம் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் வழி செய்கிறது. தமிழ் மூலத்தில் ஒப்பமிட்டுக் கொடுங்கள். வேலை ஓட வேண்டும் என்றால் மலையாளத்தில் ஒரு பக்கச் சுருக்கம் சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் அதன் தலையில் ‘தமிழ் மூலமே என் புகார்’ என்று ஒரு வரி இருக்கட்டும். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வாய்மொழியாகச் சொன்னால் போலீஸ் எழுதி, வாசித்துக் காட்டி, அதன் பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். பிஎன்எஸ்எஸ் 173-ஆம் பிரிவு சொல்வது அது. மலையாளத்தில் கடகடவென்று வாசித்தால் போதாது. ‘என்ன எழுதியிருக்கீங்கன்னு தமிழ்ல சொல்லுங்க சார்’ என்று கேளுங்கள். நேரம், இடம், எதிராளியின் பெயர், காயம் எங்கே, சொன்ன வார்த்தை என்ன என்பதைக் காதால் சரிபாருங்கள். எஃப்ஐஆர் காப்பி இலவசம். பாலியல் குற்றம் போன்ற வழக்குகள் தவிர மற்றவை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏறவேண்டும் என்பது 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இணைய வசதி மோசமான இடத்தில் 72 மணி நேரம் வரை போகலாம்.

ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. முதல் தகவலில் கையெழுத்து உண்டு. ஆனால் பிறகு விசாரணையின்போது போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது. பிஎன்எஸ்எஸ் 181-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. இரண்டாவது தடவை கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்டால் அது என்ன தாள் என்று கேட்டே ஆகவேண்டும். சாட்சி விஷயத்தில் அட்டப்பாடி மறக்கக் கூடாத பாடம். 2018 பிப்ரவரி 22-ஆம் தேதி மது என்ற ஆதிவாசி இளைஞர் அங்கே அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். இருந்தும் 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. ஊரே ஒரு பக்கம் நிற்கும் வழக்கில், முக்கிய சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் முன் பதிவு செய்ய 183-ஆம் பிரிவின்படி சீக்கிரமே கேட்பது நல்லது. போலீஸ் டைரியில் மட்டும் இருப்பதைவிட அது உறுதியாக நிற்கும்.

சாதி வசவு வழக்குக்கு வருவோம். இங்கே ஒரு சொல் போனால் வழக்கே போகும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இன்படி, சாதிப் பெயர் சொல்லித் திட்டியது பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும். திட்டிய வார்த்தை தமிழில் எப்படி இருந்ததோ அப்படியே மேற்கோளுக்குள் போகட்டும். மலையாளத்தில் ‘ஜாதிப்பேர் விளிச்சு ஆக்ஷேபிச்சு’ என்று பொதுவாக எழுதிவிட்டால் நீதிமன்றத்தில் வலுக் குறையும். அந்த நேரம் அருகில் நின்று கேட்ட மூன்றாம் ஆள் யார், எத்தனை அடி தள்ளி நின்றார் என்பதும் வேண்டும். இந்த வழக்குக்கு முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது 18ஏ பிரிவு. டிஎஸ்பி நிலை அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும். குற்றப்பத்திரிகைக்கு 60 நாள். புகாரை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவதும் காப்பி தராமல் இருப்பதும் கடமை தவறல். அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை வரலாம். மொழி தெரியாதவருக்கு இதைவிடப் பெரிய கேடயம் சட்டத்தில் இல்லை. சாதிச் சான்றிதழ் தோட்டத் தமிழருக்குத் தனிச் சிக்கல்: 1950-க்கு முன் முன்னோர் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். சான்றிதழ் வரட்டும் என்று புகாரை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

போன் சேவைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். 112 எந்த டவரில் விழுகிறதோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் கம்பம்மேட்டிலும் போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. எடுத்ததும் ‘கேரளா, சித்தூர் தாலுகா’ என்று மாநிலத்தையும் தாலுகாவையும் முதலில் சொல்லுங்கள். எல்லை ஊரில் ஸ்டேஷன் நம்பரே வேகம். பெண்களுக்கு பிங்க் போலீஸ் 1515, பணம் போன சைபர் மோசடிக்கு 1930.

கேரள போலீஸின் போல்-ஆப் செயலியும் துணா இணையதளமும் எஃப்ஐஆர் காப்பி எடுக்க, நற்சான்று விண்ணப்பிக்க, ஊர்வல அனுமதி கேட்க நன்றாகவே உதவுகின்றன. ஊருக்குப் போகும்போது வீடு பூட்டியிருப்பதைப் பதிவு செய்தால் 14 நாள் வரை ரோந்து பார்க்கும் வசதி உண்மையிலேயே நல்லது; பொங்கலுக்குத் தேனி, திண்டுக்கல் போகிறவர்கள் பயன்படுத்தலாம். தமிழ் இல்லை என்பது மட்டும் பெருங்குறை. தமிழைச் சிறுபான்மை மொழியாகச் சட்டத்திலேயே ஏற்ற மாநிலம், செயலியில் ஒரு மொழிப் பொத்தான் வைக்க இவ்வளவு தயங்க வேண்டியதில்லை.

கம்பம், கூடலூர், போடியிலிருந்து விடிகாலை ஜீப்பில் ஏலத்தோட்டம் போய் மாலையில் திரும்பும் பெண்களுக்கு ஒரு சொல். தோட்டத்தில் நடந்த அத்துமீறலுக்கு மறுநாள் கூலியை விட்டுவிட்டுக் கேரள ஸ்டேஷனுக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. பிஎன்எஸ்எஸ் 173-ஆம் பிரிவின்படி குற்றம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். போடியிலேயே ஜீரோ எஃப்ஐஆர் (வேறு ஸ்டேஷன் எல்லையில் நடந்த குற்றத்துக்குப் போடும் எஃப்ஐஆர்) போட்டு, குற்றம் நடந்த இடத்து ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும்; பாலியல் குற்றம் என்றால் பெண் போலீஸ்தான் எழுத வேண்டும். இதில் முதல் தகவல் தமிழிலேயே பதிவாகிவிடுவது பெரிய அனுகூலம். ‘அது கேரளா கேஸ், அங்க போங்க’ என்று திருப்பினால் 173(4)-இன்படி எஸ்பி-க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். சாட்சியாகப் பெண்ணை விசாரிக்க வேண்டும் என்றால், 179-ஆம் பிரிவின்படி அவர் வீட்டுக்குத்தான் வர வேண்டும். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும். தபால் ரசீது, ஜீரோ எஃப்ஐஆர் காப்பி, கேரள ஸ்டேஷன் தரும் புது எஃப்ஐஆர் எண் மூன்றையும் ஒரே கவரில் வையுங்கள். போலீஸே தவறு செய்தால் போக வேண்டிய மாவட்டப் புகார் ஆணையம், டிஎஸ்பி வரையிலான அதிகாரிகள் மீதான புகாரை விசாரிக்கும். அங்கேயும் முதலில் கேட்பது இந்தக் காகிதங்களைத்தான்.