பூனைக்காதை விடுங்கள், மைக்கைப் பாருங்கள்: பிள்ளைகளின் வீட்டு வகுப்புக்கு ஹெட்செட்

வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளைக்கு ஹெட்செட் தேடுகிறவர்களுக்கு என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிப்பதும் படிக்காததும் உங்கள் இஷ்டம். ‘கிட்ஸ்’ என்று அட்டைப்பெட்டியில் போட்டு, ரோஸ் கலரில் பூனைக்காது வைத்து விற்கிறார்களே, அது வேண்டாம். கஸ்டமர் கேரில் வேலை பார்ப்பவர்கள் மாட்டியிருப்பார்களே, வாய் வரைக்கும் ஒரு குச்சி நீண்டு அதன் நுனியில் மைக் இருக்கும், அந்தச் சாதா வயர் ஹெட்செட்தான் வகுப்புக்குச் சரி. எங்கள் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது லாஜிடெக் எச்111 ஒன்று, எச்390 ஒன்று. ஜேபிஎல் ஜேஆர்310 ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது கதை கேட்கவும் கார்ட்டூன் பார்க்கவும் மட்டும்.

ஊரடங்கெல்லாம் முடிந்து எவ்வளவு காலம் ஆகிறது, இன்னும் என்ன ஆன்லைன் வகுப்பு என்று யாராவது கேட்டால் அவர்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இல்லை என்று அர்த்தம். ஸ்கூல் திறந்துவிட்டது, ஜூம் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. பெரியவள் ஏழாவது, அவளுக்கு இந்தியும் பாட்டும். சின்னவன் இரண்டாவது, அவனுக்குச் செஸ் கோச்சிங், அப்புறம் அபாகஸ். 2020 ஜூலையில் மத்திய அரசு ‘பிரக்யாதா’ என்று வழிகாட்டுதல் வெளியிட்டபோது, எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம் வீதம் இரண்டே வகுப்பு என்று வரம்பு வைத்தார்கள். அது ஸ்கூலுக்கு. டியூஷனுக்கு யார் வரம்பு வைப்பது? சனிக்கிழமை ஒரே ஹாலில் இரண்டு வகுப்பு நடக்கும், ஒரு பக்கம் மிக்ஸி, இன்னொரு பக்கம் அத்தை பார்க்கிற சீரியல். ஹெட்செட் இல்லாமல் தள்ள முடியாது.

கடையில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி “சவுண்ட் நல்லா இருக்குமா?” என்பதுதான். வகுப்பில் பிள்ளை கேட்கப்போவது மிஸ்ஸின் குரலை, அதற்கு எந்த ஹெட்செட்டும் போதும், இளையராஜா பாட்டின் பேஸ் கிட்டார் அதில் இனிமையாக வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. பிரச்சினை எப்போதும் அந்தப் பக்கத்தில். இருபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் உங்கள் பிள்ளை சொன்ன பதில் கரகரவென்று கேட்டால் மிஸ் இரண்டு தடவை “கேக்கலம்மா” என்பார், மூன்றாவது தடவை அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிடுவார். அதற்கப்புறம் பிள்ளை கையைத் தூக்காது. அதனால் மைக்குக்குத்தான் காசு.

ஜேஆர்310-ஐ வகுப்புக்கு வைத்துக்கொள்ளாததற்குக் காரணமும் இதுதான். அதில் குச்சி மைக் கிடையாது, வயரின் நடுவில் இருக்கிற சின்ன ரிமோட்டில்தான் மைக் இருக்கிறது. பாட்டுக் கேட்பதற்கென்று செய்தது, அப்படித்தான் இருக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகள் ஆடாமல் அசையாமலா உட்காருகிறார்கள்? மைக் நெஞ்சுப் பக்கம் தொங்கும், சட்டைக் காலரில் உரசும், ஒவ்வொரு உரசலும் அந்தப் பக்கம் பெரிதாகக் கேட்கும். குச்சி மைக் என்றால் வாயின் ஓரத்தில் இரண்டு விரல் தள்ளி நிறுத்திவிடலாம். வாய்க்கு நேர் எதிரே வைக்காதீர்கள், மூச்சுக் காற்று பட்டு ஒவ்வொரு ‘ப’வுக்கும் பட் பட் என்று அடிக்கும்.

அடுத்து இந்த நாய்ஸ் கேன்சலேஷன் குழப்பம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் “அக்கா, இதுல நாய்ஸ் கேன்சலேஷன் இருக்கு, குழந்தைக்கு வீட்டுச் சத்தமே கேக்காது” என்றார் விற்கிற தம்பி. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் ‘நாய்ஸ் கேன்சலிங் மைக்’ என்று போட்டிருக்கிறது. இரண்டும் வேறு வேறு. நாய்ஸ் கேன்சலிங் மைக் உங்கள் வீட்டு மிக்ஸிச் சத்தம் மிஸ்ஸுக்குப் போகாமல் குறைக்கும், பிள்ளையின் காதுக்கு அது ஒன்றும் செய்யாது. காதுக்குள் சத்தத்தைக் குறைப்பது ஏஎன்சி என்கிற இன்னொரு சமாச்சாரம், விலையும் வேறு. அதுவும் ஏசி, ஃபேன் மாதிரி ஒரே சீராக ஓடுகிற உறுமலைத்தான் நன்றாக அடக்கும். குக்கர் விசிலையும் சீரியல் அழுகையையும் ஓரளவுதான். வகுப்புக்கு ஏஎன்சி தேவையே இல்லை என்பது என் கருத்து.

ப்ளூடூத் பற்றிக் கேட்பீர்கள். ஒரு கம்பெனியின் ப்ளூடூத் கிட்ஸ் ஹெட்ஃபோன் (பேர் வேண்டாம்) பிறந்தநாள் பரிசாக வந்தது. வீடியோ பார்த்தால் அருமையான சத்தம். ஜூமுக்குள் போனதும் மிஸ் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிட்டது. இது அந்தக் கம்பெனி ஹெட்ஃபோனுக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை. ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்க ஒரு வழி, போன் பேச வேறொரு வழி. மைக்கைத் திறந்த நிமிடமே அது போன் பேசுகிற வழிக்கு மாறிவிடும், அதில் ஸ்டீரியோ போய்விடும், சத்தத்தின் தரமும் இறங்கிவிடும். விளம்பரத்தில் காட்டுகிற தரம் எல்லாம் பாட்டுக் கேட்கிற வழிக்குத்தான். இதோடு, சார்ஜ் போட மறந்து வகுப்பு நடுவில் செத்துப்போவது தனிக் கதை. வயரே நல்லது.

சரி, எச்111. நான் வாங்கியபோது 800 ரூபாய்ச் சுற்றில் இருந்தது. லேசாக இருக்கிறது, மைக் குச்சியைச் சுற்றித் திருப்பி இடது பக்கமோ வலது பக்கமோ வைத்துக்கொள்ளலாம், சுவர் ஓரமாக உட்காருகிற பிள்ளைக்கு இது எவ்வளவு வசதி என்று வாங்கிய பிறகுதான் தெரிகிறது. காதில் வெறும் ஸ்பாஞ்சு. வெளிச் சத்தம் உள்ளே வரும். சின்னவனுக்கு அதுவே எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் காதை முழுதாக அடைக்கிற ஹெட்செட் போட்டால் தன் குரல் தனக்கே கேட்காமல் பிள்ளைகள் கத்திப் பேச ஆரம்பிப்பார்கள். இதில் அந்தத் தொல்லை இல்லை, நான் கூப்பிட்டாலும் கேட்கும் (கேட்காத மாதிரி இருப்பது வேறு விஷயம்). குறை என்றால் வயரில் வால்யூம் திருகும் இல்லை, மியூட் பட்டனும் இல்லை. பெரியவர்களுக்குச் செய்த அளவு என்பதால் தலைப்பட்டையை முழுதாக உள்ளே தள்ளினாலும் சின்னத் தலையில் கொஞ்சம் தளர்வுதான். குட்டிப் பிள்ளைக்கு வாங்குவதானால் தலையில் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வயர் நுனியில் செருகுகிற பின் எந்த வகை என்று பார்த்து வாங்குவது முக்கியம். எச்111-இல் ஒரே பின்தான், அதில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், போனுக்கும் லேப்டாப்பின் ஒற்றை ஓட்டைக்கும் சரியாக இருக்கும். பழைய டெஸ்க்டாப்பில் பச்சை ஒன்று, ரோஸ் ஒன்று என்று இரண்டு ஓட்டை இருக்கும். அதில் இதைச் செருகினால் காது வேலை செய்யும், மைக் செய்யாது, பிள்ளையைத் திட்டாதீர்கள். அதற்கு இரட்டைப் பின்னோடு எச்110 என்று தனியாக இருக்கிறது, இல்லையென்றால் ஒன்றை இரண்டாகப் பிரிக்கிற சின்ன ஸ்ப்ளிட்டர் வாங்கிக்கொள்ளலாம். இப்போது வருகிற பல போன்களில் ஹெட்போன் ஓட்டையே கிடையாது, டைப்-சி கனெக்டர் வேண்டும். அதில் மலிவான சில கனெக்டர்கள் சில போன்களில் சுத்தமாக வேலை செய்யாது, டிஏசி சிப் (போனின் டிஜிட்டல் சிக்னலை ஹெட்செட்டுக்கு ஏற்ற சிக்னலாக மாற்றுவது) உள்ளே இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள், கடையிலேயே உங்கள் போனில் செருகிப் பேசிப் பாருங்கள்.

எச்390 பெரியவளுக்கு. விலை இரண்டு மடங்குக்கு மேலே. யூஎஸ்பியில் செருகுவது, சவுண்ட் கார்டு வேலையை ஹெட்செட்டே பார்த்துக்கொள்ளும், அதனால் எங்கள் பழைய லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையில் வருகிற இரைச்சல் இதில் இல்லை. வயரிலேயே வால்யூமும் மியூட்டும். ஆனால் ஒன்று: வயரில் மியூட் அழுத்தியிருந்தாலும் ஜூம் திரையில் மைக் திறந்திருப்பதாகவே காட்டும், “நான் சொன்னேனே மிஸ்” என்று இவள் தனியாகப் பேசிக்கொண்டிருப்பாள். ஏதாவது ஒரு மியூட்டை மட்டும் பயன்படுத்து என்று சொல்லிவைத்திருக்கிறேன். காது மெத்தை ரெக்சின் மாதிரியானது, மெத்தென்று இருக்கும். ரெக்சினுக்குத் தேங்காய் எண்ணெயும் சென்னை வியர்வையும் எதிரி, எந்தப் பிராண்டாக இருந்தாலும் நாளாக நாளாகச் செதில் செதிலாக உரியும். எண்ணெய் தேய்த்த தலை என்றால் ஒரு பழைய பருத்தித் துணியை உறை மாதிரி மாட்டிவிடுங்கள்.

விமர்சன வீடியோ எதிலும் சொல்லாத ஒன்று, தோடு. காதின் மேலேயே அழுந்தி உட்காருகிற வகை, கிட்ஸ் ஹெட்ஃபோனில் பாதி அந்த ரகம்தான், தோட்டைத் தலையோடு சேர்த்து அமுக்கும், திருகாணி காதுக்குப் பின்னால் குத்தும். பெரியவள் ஜேஆர்310-ஐ அரைமணிக்கு மேல் போடமாட்டாள், காரணம் இதுதான், பிளாஸ்டிக் தோடு போடுகிற நாளில் ஒன்றும் சொல்வதில்லை. எச்390-உம் காதை முழுக்கச் சூழ்கிற பெரிய வகை இல்லை, ஆனால் மெத்தை பெரிது, அழுத்தம் குறைவு. ஜிமிக்கி என்றால் எதிலும் கஷ்டம், கழற்றி வைத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

இப்போது காதுக்கு வருவோம், ‘கிட்ஸ்’ அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிற 85 டெசிபல், சத்தம் இதற்கு மேல் போகாது என்கிற வரம்பு. அதைப் பார்த்ததும் நிம்மதியாக வாங்குகிறோம். அந்த 85 எங்கிருந்து வந்தது? தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பெரியவர்கள் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்று அமெரிக்காவில் வைத்த அளவு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2018-இல் கொண்டுவந்த எச்.870 என்கிற நெறியில் பிள்ளைகளுக்குச் சொல்வது 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 78-க்கு 20 மணி, 81-க்கு 10 மணி, கணக்குப் போட்டுக்கொண்டே போனால் 85-இல் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் தேறும். எங்கள் வீட்டு அட்டவணையில் அது செவ்வாய்க்கிழமையே தீர்ந்துவிடும். போதாததற்கு, அந்த 85-ஐயே எல்லாரும் காப்பாற்றுவதில்லை. 2016-இல் அமெரிக்காவின் வயர்கட்டர் தளம் பிள்ளைகளுக்கான 30 ஹெட்ஃபோன்களைச் சோதித்ததில் கிட்டத்தட்டப் பாதி, சொன்ன வரம்பைத் தாண்டிவிட்டன.

அதனால் பூட்டை ஹெட்செட்டில் தேடாமல் போனில் போடுங்கள், காசும் மிச்சம். சாம்சங் போனில் ‘மீடியா வால்யூம் லிமிட்’ என்று இருக்கிறது, அளவை வைத்துப் பின் நம்பர் போட்டுவிட்டால் பிள்ளையால் மாற்ற முடியாது. ஐபோன், ஐபேடில் ‘ஹெட்போன் சேஃப்டி’யில் போய் ‘ரெட்யூஸ் லவுட் ஆடியோ’வை 75 டெசிபல் வரை இறக்கலாம். லேப்டாப்பில் அவ்வளவு வசதி இல்லை, ஒரு கை தூரத்தில் நின்று பாருங்கள், மிஸ் சொல்வது உங்களுக்கே புரிகிற அளவு கேட்டால் பிள்ளைக்கு அது அதிகம்.

பாட்டு வகுப்புக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஜூமுக்குச் சுருதிப் பெட்டி பிடிக்காது. ஒரே சீராக ஓடுகிற எந்தச் சத்தத்தையும் அது ஃபேன் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும், தம்புராவும் அதில் போகும், நீட்டிப் பிடிக்கிற ஸ்வரமும் சில நேரம் நடுவில் மறையும். டீச்சர் “சுருதி விலகுது” என்பார், பிள்ளை முழிக்கும். ஆடியோ செட்டிங்கில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்பதைப் போட்டுவிட்டால் சரியாகும், இதற்கு எவ்வளவு விலை கொடுத்து ஹெட்செட் வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. தாளம் போட்டுச் சேர்ந்து பாடுவதை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், இணையத்தில் குரல் போய்ச் சேர எடுக்கிற நேரத்தில் தாளம் தப்பும், ப்ளூடூத் அதில் இன்னும் கொஞ்சம் சேர்க்கும்.

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் ஹெட்செட்டே வாங்காதீர்கள், ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், அந்த வயதில் வகுப்பே பாதி உங்களுக்குத்தான்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் எச்390 ஒன்றை வாங்கிப் பங்கு போடச் சொல்வதைவிட எச்111 இரண்டாக வாங்குங்கள். இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில்தான் வரும். தலையில் பேன் இருக்கிற சீசனில் ஒரே பட்டையை இரண்டு பேர் மாட்டுவதும் நல்லதில்லை. வாங்கிய அன்றே வாய்ஸ் ரெக்கார்டரில் பிள்ளையைப் பேசவிட்டுப் பதிவு செய்து, மிக்ஸியை ஓடவிட்டு இன்னொரு முறை பதிவு செய்து கேளுங்கள். குரல் அமுங்கினால், திருப்பி அனுப்புகிற கெடு முடிவதற்குள் மாற்றிவிடுங்கள், பில்லையும் பெட்டியையும் அதுவரைக்கும் தூக்கிப் போட வேண்டாம்.