வானைக் கிழிக்கும் அந்த ஒளிக்கதிர்: பென்டகனின் பழைய வெளியீடு ஒன்று

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன், சோவியத் படைபலத்தைப் பற்றி 1981 முதல் வெளியிட்டுவந்த ‘சோவியத் மிலிட்டரி பவர்’ வரிசையில் 1986ஆம் ஆண்டுப் பதிப்பு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. வழவழப்பான தாள், கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். உளவுத் தகவலை இவ்வளவு அழகாக அச்சிட்டு நான் பார்த்ததில்லை. அந்த அழகுதான் என்னைக் கலங்க வைக்கிறது.

அன்று சோவியத் ஒன்றியத்தில் இருந்த கஜகஸ்தானில் பல்காஷ் ஏரிப் பக்கம் உள்ள சாரி ஷாகன் சோதனைத் தளத்தின் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடத்திலிருந்து லேசர் கதிர் வானைக் கிழித்துக்கொண்டு போகிறது. இந்தத் தளம் செயற்கைக்கோள்களை எதிர்க்கும் திறனை ஓரளவு இன்றே தரக்கூடும் என்கிறது வெளியீடு. அந்தக் ‘கூடும்’ எழுத்தில் இருக்கிறது, படத்தில் இல்லை. பார்த்தவர் மனத்தில் தங்குவதோ படம்.

1989 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களும், பிரின்ஸ்டன் இயற்பியலாளர் பிராங்க் வான் ஹிப்பல் உள்ளிட்ட அறிவியலாளர்களும் அதே தளத்துக்கு நேரில் போனார்கள். அவர்கள் கண்ட லேசருக்குச் செயற்கைக்கோளை அழிக்கும் வலுவே இல்லை. அப்போது அமெரிக்காவிடமே நியூ மெக்சிகோவில் 20 லட்சம் வாட்டைத் தாண்டிய ‘மிராக்கிள்’ என்ற லேசர் இருந்தது! கட்டடம் உண்மை. ஆனால் கூரைக்கு அடியில் இருக்கும் கருவி எத்தனை வாட் என்று விண்ணிலிருந்து எடுத்த படம் சொல்லாது. அந்த இடைவெளியை அச்சம் நிரப்பிவிட்டது.

எல்லாமே பிழை என்று சொன்னால் அது அநியாயம். இலக்கின் சுற்றுப்பாதைக்கே போய் அருகில் வெடிக்கும் சோவியத் ‘கொலை’ செயற்கைக்கோள்கள் நிஜம். 1968 முதல் நடந்த அந்தச் சோதனைகளை ராடாரில் பின்தொடர முடிந்தது. அதனால் அந்தப் பக்கங்களை நம்பிப் படிக்கலாம். மறுபுறம், 1974இல் ஏவப்பட்ட சல்யூட்-3 விண்நிலையத்தில் பீரங்கியே இருந்தது. 1975 ஜனவரியில் சுட்டும் பார்த்தார்கள். வெளியுலகுக்கு அது தெளிவாகத் தெரிந்ததோ சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகுதான்.

கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். கையில் பென்சில் இருக்கட்டும். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் புகைப்படம் என்றால் ‘பு’, ஓவியம் என்றால் ‘ஓ’ என்று குறித்துக்கொண்டே படித்தேன். விண்வெளிப் பகுதியில் என் பென்சில் பெரும்பாலும் ‘ஓ’ என்றே எழுதியது.