"மைசூர் மகாராஜா வேட்டைக்குப் போன கார்" என்று யாராவது விற்க வந்தால் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

போன வருடம் 31 லட்சம் ரூபாய் கொடுத்து 1949ல் இங்கிலாந்தில் தயாரான ஒரு பென்ட்லி மார்க் சிக்ஸ் கார் வாங்கினேன். கூரை இல்லாத திறந்த வண்டி. மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் பந்திப்பூர் காட்டுக்குப் போவதற்காகத் தனியாகச் சொல்லிச் செய்த வேட்டைக் கார் என்று சொல்லித்தான் விற்றார்கள். அவருக்காகச் செய்த கார் அது இல்லவே இல்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அதனால் விற்றவர் பெயரை இங்கே போட முடியாது. இதே கதையோடு இன்னொரு வண்டியைக் கோவை, ஈரோடு பக்கம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததால் அவசரமாக எழுதுகிறேன்.

நான் பழைய கார் தெரியாதவன் இல்லை. அப்பா ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். ஆனால் விற்றவரின் ஷெட்டில் வண்டியைப் பார்த்த அன்று கண் மங்கிப்போனது. வின்ட்ஷீல்டு ஓரத்தில் இரண்டு பெரிய தேடுவிளக்கு, பின் சீட்டுக்கு முன்னால் துப்பாக்கி நிறுத்தும் மரத் தாங்கி, மட்கார்டு மேல் பாம்பு வாய் வைத்த பித்தளை ஹாரன், இரண்டு கதவிலும் மைசூர் அரச குடும்பத்தின் இரட்டைத் தலைக் கண்டபேருண்டப் பறவைச் சின்னம். கூடவே மகாராஜா ஒரு காரின் பக்கத்தில் நிற்கிற கறுப்பு வெள்ளை போட்டோ, ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி கையெழுத்தோடு ஒரு உறுதிமொழி, "எங்க தாத்தா அரண்மனை டிரைவர்ங்ணா" என்று சொல்ல ஒரு ஆள்.

கதையில் பாதி உண்மை என்பதால்தான் நம்பினேன். பந்திப்பூர் மைசூர் மகாராஜாக்களின் வேட்டைக் காடாக இருந்தது நிஜம். அந்தக் காலத்து ராஜாக்கள் விளக்கும் துப்பாக்கித் தாங்கியும் வைத்து வேட்டைக் கார் செய்துகொண்டதும் நிஜம். 1971ல் மன்னர் மானியம் ஒழிந்த பிறகு பல அரண்மனைகளிலிருந்து கார்கள் வந்த விலைக்குப் போனதும் நிஜம்தான். அந்த நிஜத்துக்குள் இந்த ஒரு காரை நைசாகச் சொருகிவிட்டார்கள்.

நான் கொஞ்சம் யோசித்தபோது, "லண்டன்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்கார், நாளைக்கே பணத்தோட வர்றார்ங்ணா" என்றார் புரோக்கர். 1950ஆம் வருடத்துக்கு முன் தயாரான காரை இந்தியாவிலிருந்து இஷ்டத்துக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் தோன்றவில்லை, ராத்திரியோடு ராத்திரியாக டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

வண்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பின்சக்கரம் கழற்ற ஜாக்கி வைத்துத் தூக்கினோம். கதவு மூடவில்லை. இறக்கினால் மூடுகிறது, தூக்கினால் மூடவில்லை. அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு டிங்கர் வேலை பார்க்கும் பெரியவர் ஒன்றும் பேசாமல் கதவுக்குப் பின்னால் இருந்த ரெக்சினைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தார். உள்ளே முன், பின் கதவுகளுக்கு நடுவில் கூரையைத் தாங்கும் நடுத்தூண் அறுத்த தடம், அதன்மேல் வெல்டிங், அதை மறைக்க விரற்கடை கனத்துக்குப் பட்டி. "தம்பி, இது கூரை இருந்த வண்டி, அறுத்திருக்காங்க, அதான் தூக்கினா வளையுது" என்றார். துப்பாக்கித் தாங்கியைப் பிடித்திருந்த நட்டுக்கு 10 நம்பர், அதாவது 10 மில்லிமீட்டர் ஸ்பானர் கச்சிதமாக உட்கார்ந்தது. இன்ச் அளவு நட்டு போட்ட 1949 இங்கிலீஷ் காரில் மில்லிமீட்டர் நட்டு எப்படி வரும்? அன்றைக்கு ராத்திரி அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அதில் இருக்கிற கார் பென்ட்லியே இல்லை. மேல் பக்கம் தட்டையாக, கோயில் முகப்புப் போல நிற்கும் ரோல்ஸ்ராய்ஸ் ரேடியேட்டர்.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். இந்தக் கார்களில் ஒவ்வொரு சேஸிஸுக்கும், அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கும், தொழிற்சாலைப் பதிவு உண்டு. முதலில் யாருக்குப் போனது, என்ன பாடி என்று அதில் இருக்கும். இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி என்ற ஊரில் இருக்கும் ரோல்ஸ்ராய்ஸ் ஆர்வலர் சங்கம் அந்தப் பதிவுகளை வைத்திருக்கிறது, க்ரூ என்ற ஊரில் ரோல்ஸ்ராய்ஸ் கம்பெனியே தயாரித்த என்னுடையது மாதிரி பென்ட்லிகளுடையதும் சேர்த்து. சேஸிஸ் நம்பரை எழுதி, கட்டணம் கட்டினால் நகல் அனுப்புகிறார்கள். எனக்கு வந்த நகலில் மகாராஜா இல்லை, மைசூரும் இல்லை. பம்பாயில் ஒரு டாக்டர். பாடி: நான்கு கதவு ஸ்டீல் சலூன், அதாவது கூரையோடு மூடிய கார்.

அதைப் படித்ததும் பணம் போனதைவிட வேறொன்று வலித்தது. அதற்கு முன்பெல்லாம் கம்பெனி சேஸிஸும் இன்ஜினும் மட்டும் கொடுக்கும், பாடியை வேறு கூடத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். முழுக் காராகக் கம்பெனியே செய்து விற்க ஆரம்பித்தது 1946ல் வந்த இந்த மார்க் சிக்ஸில்தான். 4,257 சிசி, ஆறு சிலிண்டர், ஓடுகிற சத்தமே கேட்காது. எழுபது வருடத்துக்கு மேல் தாங்கிய ஒரு டாக்டரின் நல்ல குடும்பக் காரை, ராஜா பெயர் சொன்னால் கூடுதலாக விற்கலாம் என்று கூரையை அறுத்து எறிந்திருக்கிறார்கள். அப்படியே விட்டிருந்தால் அதன் சொந்தக் கதைக்காகவே நான் வாங்கியிருப்பேன்.

இப்போது ஆர்டிஓ பதிவும் சிக்கலில் நிற்கிறது. 2021ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி விஏ (VA) என்ற எழுத்து வரிசை நம்பரில் 10 வருடத்துக்கு வின்டேஜ் பதிவு வாங்கலாம். ஆனால் வண்டி அசல் வடிவத்திலேயே இருக்க வேண்டும், பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கூரை அறுத்த வண்டிக்கு நான் என்ன சொல்லி விண்ணப்பிப்பது?

அரண்மனைக் கார் என்று யார் சொன்னாலும் சேஸிஸ் நம்பரைக் கேளுங்கள். தகட்டில் இருப்பதை மட்டும் பார்க்காமல் அடிச்சட்டத்தில் அடித்திருப்பதையும் நீங்களே குனிந்து பாருங்கள். தொழிற்சாலைப் பதிவின் நகல் வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அதற்குள் வேறு ஆள் வாங்கிவிடுவார் என்று மிரட்டினால் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். சின்னம், ஹாரன், விளக்கு எதுவும் சாட்சி இல்லை, எல்லாம் புதிதாக வார்த்துக் கிடைக்கிறது. ஸ்டாம்ப் பேப்பர் உறுதிமொழியை நோட்டரி சரிபார்ப்பதில்லை, கையெழுத்துப் போட்ட ஆள் யார் என்பதோடு அவர் வேலை முடிந்தது.

வண்டியை விற்கப் போவதில்லை. பெரியவர் கூரையைத் திரும்ப வைக்கலாம் என்கிறார், மாதிரி இருந்தால் போதுமாம். மார்க் சிக்ஸ் ஸ்டீல் சலூனின் கூரைத் தகடோ, நடுத்தூணோ, பின்கதவுகளோ யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, நேரில் வந்து அளவெடுத்துக்கொள்கிறேன்.